கட்டற்ற இயங்குதளங்களில் எம்பி3 உருவாக்கம்: தடை இருந்தது ஏன், நீங்கியது எப்படி?

புது தில்லி: லினக்ஸ் உள்ளிட்ட கட்டற்ற இயங்குதளங்களில் எம்பி3 ஒலிக்கோப்புகளை உருவாக்குவதில் நீண்ட காலம் நீடித்த காப்புரிமைச் சிக்கல் 2017-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. எனினும், எந்தப் பதிவை எந்த வடிவில் சேமிப்பது என்ற தெளிவு இல்லையெனில், அரிய பதிவுகளின் தரம் மீட்க முடியாதபடி குறைந்துவிடும்.

சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது?

இசைக் குறுந்தகட்டில் ஒலியானது விநாடிக்கு 44,100 முறை, 16 பிட் அளவில், இரு தடங்களாகப் பதியப்படுகிறது. ஒரு நிமிட ஒலிக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் தேவைப்படும். விநாடிக்கு 128 கிலோபிட் என்ற வீதத்தில் எம்பி3 ஆக மாற்றினால், அதே ஒலி 1 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். உரத்த ஒலியால் மறைக்கப்படும் மெல்லிய ஒலிகளைச் செவி உணர்வதில்லை. அத்தகைய தகவல்களைக் குறைத்தே இச்சுருக்கம் செய்யப்படுகிறது.

காப்புரிமைத் தடை

ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனம் உள்ளிட்டோர் எம்பி3 தொடர்பான காப்புரிமைகளை வைத்திருந்தனர். கோப்பு உருவாக்கும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் கோரப்பட்டது. யாரும் நகலெடுத்து வழங்கக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு இது பொருந்தாததாக இருந்தது. எனவே, 1998-இல் தொடங்கப்பட்ட 'லேம்' என்ற எம்பி3 உருவாக்க மென்பொருள் மூல நிரலாகவே வெளியிடப்பட்டது. பயனர்கள் பலர் அதனைத் தனியே தேடி நிறுவ வேண்டியிருந்தது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலுக்கு அந்நிரல் என்ற அளவில் காப்புரிமை வழங்குவதில்லை. ஆயினும், அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட இயங்குதளங்களைப் பயன்படுத்திய இந்தியர்களையும் அத்தடை பாதித்தது. பிரான்ஹோபரின் உரிமத் திட்டம் 2017 ஏப்ரல் 23 அன்று முடிவடைந்தது. அதன் பின்னர் பெடோரா இயங்குதளமும் எம்பி3 உருவாக்க வசதியை அனுமதித்தது.

எதற்கு எந்த வடிவம்?

தற்போது முன்னணி லினக்ஸ் பதிப்புகளின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே 'லேம்' மென்பொருளை நிறுவ இயலும். 'அடாசிட்டி' போன்ற மென்பொருள்களில் ஒலியைத் தொகுத்து, ஏற்றுமதி வசதி மூலம் எம்பி3 ஆகச் சேமிக்கலாம்.

பழைய கருவிகளிலும் இயங்க வேண்டிய பதிவுகளுக்கு எம்பி3 ஏற்றது. பாடம், நேர்காணல் போன்ற பேச்சுப் பதிவுகளுக்கு 2012-இல் தரப்படுத்தப்பட்ட 'ஓபஸ்' வடிவம் மேலானது. விநாடிக்கு 32 கிலோபிட் வீதத்திலேயே குரல் தெளிவாகக் கேட்கும். வாட்ஸ்ஆப் குரல் செய்திகளும் இவ்வடிவிலேயே உள்ளன.

பாதுகாக்க வேண்டிய பதிவுகளுக்கு 'பிளாக்' வடிவமே உகந்தது. இது எந்தத் தகவலையும் இழக்காமல் கோப்பின் அளவைக் கணிசமாகக் குறைக்கிறது.

கவனிக்க வேண்டியது

ஒருமுறை எம்பி3 ஆக்கியபோது இழந்த ஒலித்தகவல், கோப்பை மீண்டும் பெரிதாக்குவதால் திரும்பக் கிடைக்காது. எம்பி3 கோப்பை ஓபஸ் வடிவுக்கு மாற்றினால் தரம் மேலும் குறையும். ஆகையால், மூலப் பதிவை 'பிளாக்' வடிவில் பாதுகாத்து, பகிர்வதற்கான பிரதிகளை மட்டும் அதிலிருந்து உருவாக்குவதே பாதுகாப்பான வழியாகும்.