பழி உலோகத்துக்கு, பாடு டயருக்கு

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்றொரு சிறு நகரம். 2006 முதல் அங்கே நடந்துவரும் பந்தயத்துக்கு இப்போதைய பெயர் ‘அன்பவுண்ட் கிராவல்’. அதன் முதன்மைப் பாதை 200 மைல், அதாவது சுமார் 320 கி.மீ. பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். ஃபிளிண்ட் ஹில்ஸ் குன்றுகளின் சிக்கிமுக்கிக் கற்கள் டயரைக் கிழித்துவிடும். இப்படிப்பட்ட வழிகளுக்காக உருவானதுதான் கிராவல் பைக்: ரோடு பைக்கைப் போல வளைந்த ஹேண்டில்பார், அதைவிட அகலமான டயர், டிஸ்க் பிரேக்.

வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, பிரேம் எதில் செய்தது என்பது. அதற்குப் பதில் சொல்ல ஒரு பல்லவி தயாராக இருக்கும்: எஃகு மெத்தென்று ஓடும், அலுமினியம் முதுகை உடைக்கும், கார்பன் அதிர்வை விழுங்கும், டைட்டானியம் கிடைத்தால் விடாதே. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாராட்டும் பழியும் ஆள்மாறிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஒரு உலோகம் எவ்வளவு விறைப்பானது என்பதற்கு அளவு உண்டு. எஃகுக்குச் சுமார் 200 ஜிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 110, அலுமினியத்துக்கு 70. இந்தக் கணக்குப்படி மூன்றில் அதிகம் வளைந்து கொடுக்க வேண்டியது அலுமினியம்தான். பிறகு முதுகை உடைக்கிறது என்ற பெயர் அதற்கு எப்படி வந்தது?

குழாயின் பருமனால் வந்தது. அலுமினியம் எடை குறைவு. ஆனால் எஃகுக் குழாயின் அதே அளவில் செய்தால் துவளும். எனவே வடிவமைப்பாளர் குழாயைப் பருமனாகச் செய்கிறார். விட்டத்தை இரண்டு மடங்காக்கி, சுவரின் தடிமனைப் பாதியாக்கினால் எடை கூடுவதில்லை. விறைப்போ ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. 1983-ல் சைக்கிள் விற்க ஆரம்பித்த கேனன்டேல் நிறுவனம் இந்தப் பருத்த குழாய்களால்தான் பெயர் வாங்கியது. கடினமாக ஓடுகிறது என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் பிரான்சின் வீட்டஸ் 979 பிரேமும் அலுமினியம்தான். மெல்லிய குழாய்களைப் பசையால் ஒட்டிச் செய்தது. அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி ஓட்டிப் புகழ்பெற்ற அந்த வண்டியைப் பற்றி வந்த புகார் நேர் எதிரானது: மிதித்தால் பக்கவாட்டில் வளைகிறதாம்! ஒரே உலோகம், இரண்டு எதிரெதிர்ப் பெயர்கள்.

இந்தப் பேச்செல்லாம் உருவான நாட்களில் பந்தய டயரின் அகலம் 20 முதல் 23 மி.மீ. வரைதான். 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடித்துக் கல்போல வைத்திருப்பார்கள். பிரேமுக்குப் பிரேம் உள்ள சிறு வேறுபாடுகூட உடம்பில் தெரிந்திருக்கலாம். இன்றைய கிராவல் டயர் 40 மி.மீ. அல்லது அதற்கும் மேல். காற்று பெரும்பாலும் 30-களில். பள்ளத்தில் இறங்கும்போது அந்த டயர் பல மி.மீ. அமுங்குகிறது. முக்கோணங்களாகக் கட்டப்பட்ட பிரேமோ மேலிருந்து கீழாக வளைவது மிகச் சொற்பம். இலவம்பஞ்சு மெத்தையைத் தடிமனாக விரித்துவிட்டால், கீழே இருப்பது தேக்குக் கட்டிலா இரும்புக் கட்டிலா என்று முதுகுக்குத் தெரியாது. டயருக்கு அடுத்தபடியாக வளைந்து கொடுப்பவை இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட்டும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும். பிரேம் அதற்கும் பிறகுதான்.

கார்பன் கதை கொஞ்சம் வேறு. அது உலோகம் அல்ல, பிசினில் தோய்ந்த இழைகள். எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் என்பதை வைத்து, பெடல் பக்கம் விறைப்பாகவும் இருக்கைப் பக்கம் நெகிழ்வாகவும் ஒரே பிரேமைச் செய்ய முடியும். அதனால் ‘கார்பன் சுகமானது’ என்பது பாதி வாக்கியம். அடுக்கியவர் அப்படி நினைத்திருந்தால் சுகமானது. கேனன்டேலின் டாப்ஸ்டோன் கார்பன் என்ற கிராவல் பைக் 2019-ல் வந்தபோது, பின்புறம் அசைய சீட் குழாயில் ஒரு கீலே வைத்திருந்தார்கள். கார்பன் தானாகவே அதிர்வை விழுங்கிவிடும் என்றால் கீல் எதற்கு?

அப்படியானால் பிரேமை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எடை, விலை, அடிபட்டால் என்ன ஆகும் என்பதை வைத்து. எஃகு கனம், பெயின்ட் போன இடத்தில் துருப்பிடிக்கும். ஆனால் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும், கைதேர்ந்த வெல்டர் சரிசெய்துவிடுவார். (1935-ல் வந்த ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய் இன்றும் பலருக்குப் பக்தி.) டைட்டானியம் துருப்பிடிக்காது, பெயின்டும் வேண்டாம்; ஆனால் ஆர்கான் வாயுவின் காப்பில் வெல்ட் செய்ய வேண்டியிருப்பதால் விலையும் பழுதுபார்க்கும் கூலியும் ஏறிவிடும். கார்பன் மிக லேசு. கல் அடித்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருப்பது வெளியே தெரியாமல் போகலாம். 2023-ல் எம்போரியா பாதை மழையில் சேறாகி, வீரர்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்; பெயின்ட் கலக்கும் மரக்குச்சியால் சக்கர இடுக்கைச் சுரண்டினார்கள். டயரோடு சுழலும் அந்த மண் எந்தப் பிரேமையும் அரிக்கும், மெல்லிய கார்பனை இன்னும் சீக்கிரம்.

கைக்காசு போட்டு வாங்குகிறவருக்கு நான் சொல்வது அலுமினியம், அதோடு ஒரு கார்பன் ஃபோர்க். மிச்சப்படும் பணத்தில் நல்ல ட்யூப்லெஸ் டயர் வாங்கலாம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பிரேமில் எத்தனை மி.மீ. டயர் வரை போடலாம் என்பது. 38 என்று பதில் வந்தால் யோசியுங்கள். 45-க்கு மேல் என்றால் உட்கார்ந்து பேசலாம். ஓட்டத் தொடங்கியபின் காற்றை இரண்டு இரண்டு பி.எஸ்.ஐ.யாகக் குறைத்துப் பாருங்கள். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.