'லோன் வேணுமா?' போன்களைத் தடுக்க வாங்கிய பெட்டி, மகன் போனையும் தடுக்கிறதா? லேண்ட்லைன் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம். கூடத்து ஸ்டூலில் இருக்கும் லேண்ட்லைன் அலறுகிறது. முழங்கால் வலியோடு எழுந்து போய் எடுத்தால், 'குறைந்த வட்டியில் லோன் வேண்டுமா?' என்கிறது பதிவு செய்யப்பட்ட ஒரு குரல். வைத்துவிட்டு வந்து படுத்தால் மறுபடியும் மணி.

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களிலும் திருச்சுழி பக்கத்து மானாவாரி கிராமங்களிலும் பெரியவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் ஏராளம். மழையை நம்பிய விவசாயத்தில் நிற்க முடியாமல் பிள்ளைகள் சென்னை, திருப்பூர், வளைகுடா என்று வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த வீடுகளில் போன்தான் பிள்ளைகளின் குரல். அதனாலேயே மணி அடித்தால் எடுக்காமல் இருக்க மனசு வராது. மோசடிக்காரர்களுக்கு வசதியாக இருப்பதும் அதுதான்.

இதற்காகப் பிள்ளைகள் வாங்கித் தருவதுதான் 'கால் பிளாக்கர்' எனும் சின்னப் பெட்டி. சில காலர் ஐடி போன்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கும். வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் போதாது. சரியாகச் செட் செய்யாவிட்டால் வேண்டாத போன் உள்ளே வரும், வேண்டிய போன் வெளியே நிற்கும்!

பெட்டி எப்படி வேலை செய்கிறது?

சுவரில் இருக்கும் சாக்கெட்டுக்கும் போனுக்கும் நடுவில் பெட்டி உட்காரும். அழைப்பு வந்ததும் எக்சேஞ்ச் அனுப்பும் எண்ணைப் படிக்கும். தடுப்புப் பட்டியலில் அந்த எண் இருந்தால் லைனைத் தானே எடுத்து, உடனே துண்டித்துவிடும். அதாவது, எண் தெரிந்தால்தான் பெட்டிக்குக் கண் தெரியும். பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

எண்ணே தெரியவில்லையா?

முதலில் உங்கள் லைனில் காலர் ஐடி சேவை இருக்கிறதா என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள். சேவை இருந்தும் எண் தெரியாவிட்டால் பெட்டியின் செட்டிங்கைப் பாருங்கள். எண்ணை அனுப்ப எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என இரண்டு முறைகள் உண்டு. எக்சேஞ்ச் ஒரு முறையில் அனுப்ப, பெட்டி வேறு முறையில் காத்திருந்தால் திரை காலியாகவே இருக்கும். பேட்டரி தீர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

ஒரு மணி மட்டும் அடிக்கிறதா?

இது கோளாறு இல்லை. எஃப்எஸ்கே முறையில் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடையில்தான் எண் வரும். பெட்டி படித்து முடிப்பதற்குள் ஒரு மணி அடித்துவிடும். 'ஒரு மணியோடு நின்றால் எழுந்து போக வேண்டாம்' என்று பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

தடுத்த எண்ணும் அடிக்கிறதா?

மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

1. வயர்: 'லைன்' என்று போட்ட துளைக்குச் சுவரிலிருந்து வரும் வயர், 'போன்' என்று போட்ட துளைக்குக் கருவியின் வயர். மாறியிருந்தால் பெட்டி வேலை செய்யாது.

2. இரண்டாவது போன்: படுக்கையறைக்குத் தனியாக இழுத்த போன், பெட்டிக்கு முன்பே பிரிந்து போனால், அது எல்லா அழைப்புக்கும் அடிக்கும். லைன் பிரிவதற்கு முன்னால் பெட்டியை வையுங்கள்.

3. எண்ணின் வடிவம்: ஒரே எண் முன்னால் 0 சேர்ந்தும் வரலாம், சேராமலும் வரலாம். உள்ளூர் எண் 04566 என்ற கோடுடனோ, கோடு இல்லாமலோ தெரியலாம். திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே பட்டியலில் ஏற்றுங்கள்.

ஃபைபர் இணைப்பு என்றால் மோடத்தின் போன் துளைக்கும் போனுக்கும் நடுவில் பெட்டியை மாட்ட வேண்டும். கரன்ட் போனால் மோடம் அணைந்து போனும் செத்துவிடும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் மோடத்துக்குச் சின்ன பேட்டரி பேக்கப் வைப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லையா? பெட்டியைக் கழற்றிவிட்டு போனை நேராகச் சாக்கெட்டில் மாட்டுங்கள். இரைச்சலோ கோளாறோ அப்போதும் இருந்தால் பழுது லைனில். இல்லாவிட்டால் பெட்டியில்.

மகன் போன் வரவில்லையா?

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். 'எண் தெரியாத அழைப்புகளைத் தடு' என்ற வசதியைப் போட்டுவிட்டால், வெளிநாட்டிலிருந்து எண் இல்லாமல் வரும் பிள்ளைகளின் அழைப்பும் சேர்ந்து நின்றுவிடும். அம்மாவுக்கு மணியே அடிக்காது. மகனோ, 'போனை எடுக்கவே இல்லையே' என்று அங்கே பதறிக்கொண்டிருப்பார்.

1 என்று தொடங்கும் எண்களை மொத்தமாகத் தடுப்பதும் தவறு. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. வங்கி போன்ற நிதி நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் சேவைக்காக அழைக்க 1600 வரிசை இருக்கிறது. எனவே 140ஐ மட்டும் தடுங்கள்.

மோசடிக்காரர்கள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றாகத் தடுத்து மாளாது. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு 'அனுமதிப் பட்டியல்' முறைதான் சிறந்தது. பிள்ளைகள், பக்கத்து வீடு, டாக்டர், மருந்துக்கடை, கேஸ் ஏஜென்சி என எண்களை ஏற்றிவிட்டால், அவை மட்டுமே மணி அடிக்கும். அனுமதி எண்ணை ஏற்றிய கையோடு ஒவ்வொருவரையும் ஒருமுறை அழைக்கச் சொல்லிச் சோதித்துவிடுங்கள்.

பெட்டி இல்லாமலும் வழி உண்டு!

லேண்ட்லைனிலிருந்தே 1909ஐ அழைத்து, விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று இலவசமாகப் பதிவு செய்யலாம். மொத்தமாகவும் தடுக்கலாம். வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி என வகை பிரித்தும் தடுக்கலாம். பதிவு செய்த பிறகும் தொல்லை வந்தால், 2025 பிப்ரவரியில் டிராய் திருத்திய விதிப்படி 7 நாட்களுக்குள் புகார் தரலாம். மோசடி என்று சந்தேகப்படும் அழைப்புகளை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம்.

பெட்டியால் தடுக்க முடியாதது

'போலீஸ் பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்' என்று மிரட்டும் குரலைப் பெட்டி அடையாளம் காணாது. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். கீழே பிள்ளைகளின் எண்ணையும், 'யார் பணம் கேட்டாலும் வைத்துவிட்டு எனக்கு போன் பண்ணுங்க' என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பலகாரத்தோடு அரை மணி நேரத்தையும் எடுத்துப் போங்கள். பெட்டியைச் செட் செய்து, பெரியவர்களையே இயக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு வாருங்கள். அதன் பிறகு அந்த வீட்டில் மணி அடித்தால், அது நம் வீட்டு ஆள்தான் என்ற நம்பிக்கையோடு அவர்கள் எழுந்து வரலாம்.