தூக்கம் வராமலே வரும் கொட்டாவி

பக்கவாதத்தால் வலது கையும் காலும் விழுந்துபோன ஒருவர் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருக்கிறார். ‘கையைத் தூக்குங்க’ என்று டாக்டர் எத்தனை முறை சொன்னாலும் விரல்கூட அசைவதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு ஒரு கொட்டாவி வருகிறது. வாய் திறக்கத் திறக்க, துவண்டு கிடந்த அந்தக் கை முழங்கையில் மடங்கி, தானாக மேலே எழும்புகிறது. கொட்டாவி அடங்கியதும் பொத்தென்று மெத்தையில் விழுகிறது. பக்கத்தில் இருந்த மனைவி, “சிஸ்டர், அவருக்குக் கை வந்துடுச்சு!” என்று ஓடுகிறார்.

பக்கவாத வார்டுகளில் அவ்வப்போது நடக்கிற சங்கதி இது. லண்டன் நரம்பியல் மருத்துவர் ஃபிரான்சிஸ் வால்ஷ் 1923-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கொட்டாவியை விடாமல் ஆராய்ந்துவரும் பிரெஞ்சு மருத்துவர் ஒலிவியே வாலுசின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2005-இல் இதற்கு ‘பாராகைனீசியா பிராக்கியாலிஸ் ஆசிட்டன்ஸ்’ என்று ஒரு நீளமான பெயரையும் சூட்டினார்கள். அந்த மனைவியின் சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் உண்மை வேறு. அந்த அசைவு நோயாளியின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. அடுத்த நிமிடமே தூக்கச் சொன்னால் கை கிடந்த இடத்தில்தான் கிடக்கும்.

பிறகு எப்படி எழும்பியது? நாமாக நினைத்துக் கையைத் தூக்கும்போது உத்தரவு பெருமூளையின் மேற்புறணியிலிருந்து கிளம்பி, முதுகுத்தண்டு வழியாகக் கைக்கு வருகிறது. பக்கவாதத்தில் அறுபட்டது அந்தப் பாதை. கொட்டாவி கிளம்புவதோ அதற்கு வெகு கீழே, மூச்சையும் விழிப்பையும் கவனித்துக்கொள்ளும் மூளைத்தண்டிலும் அதற்குச் சற்று மேலே உள்ள ஹைபோதலாமஸிலும். மேலிருந்து வரும் கட்டுப்பாடு போய்விட்டதால், பரிணாமத்தில் மிகப் பழைய கீழ்ப்பாதைகள் அவிழ்த்துவிடப்பட்டு, மூச்சை இழுக்கும் அலை கைத்தசையையும் சேர்த்து இழுக்கிறது என்பதுதான் இப்போதைக்குச் சொல்லப்படும் விளக்கம். பெருமூளை வளராமலே பிறக்கும் சிசுக்களும் கொட்டாவி விடுவதைப் பார்த்திருக்கிறார்கள். தாயின் வயிற்றில் மூன்று மாதக் கருவே வாயைத் திறந்து கொட்டாவி விடுவது ஸ்கேனில் தெரிகிறது.

ஆக, கொட்டாவி மூளையின் அடித்தளத்து வேலை. அதனால்தான் அது அளவு மீறும்போது நரம்பியல் மருத்துவர்கள் காது கொடுக்கிறார்கள்.

‘ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் கொட்டாவி வரும்’ என்று பள்ளியில் நாம் எல்லோரும் படித்திருப்போம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைனும் அவருடைய மாணவர்களும் 1987-இல் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசிக்கக் கொடுத்தும் கொட்டாவி குறையவில்லை. கார்பன் டை ஆக்ஸைடைக் கூட்டிக் கொடுத்தும் கூடவில்லை. பாடம் மட்டும் இன்னும் வகுப்பறைகளில் உலவுகிறது. 2007-இல் ஆண்ட்ரூ கேலப் முன்வைத்த இன்னொரு கருத்து, கொட்டாவி சூடான மூளையைக் குளிரவைக்கிறது என்பது. நெற்றியில் குளிர்ந்த ஒத்தடம் வைத்துக்கொண்டவர்கள் பிறர் கொட்டாவி விடும் வீடியோவைப் பார்த்தும் அவ்வளவாகக் கொட்டாவி விடவில்லை என்கிறது அவருடைய சோதனை. எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல அது.

ரசாயனக் கணக்கு இதைவிடத் தெளிவு. ஹைபோதலாமஸில் டோபமைன் தூண்டினால் ஆக்ஸிடோசின் நரம்புகள் விழிக்கும், கொட்டாவி வரும். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அபோமார்ஃபின் ஊசி போட்டால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டோபமைனைப்போல வேலை செய்யும் மருந்து அது. ஊசி போட்ட சில நிமிடங்களில் சிலருக்கு வரிசையாகக் கொட்டாவி வரும். அதன் பின்னால் இறுகிக் கிடந்த உடம்பு தளர்ந்து கை கால் ஓடத் தொடங்கும். அனுபவப்பட்ட குடும்பத்தினர் கொட்டாவியை வைத்தே மருந்து ஏறிவிட்டதைக் கண்டுகொள்வார்கள்.

எத்தனை கொட்டாவி வந்தால் அதிகம்? 15 நிமிடத்தில் மூன்றோ அதற்கு மேலோ, அதுவும் முந்தின இரவு நன்றாகத் தூங்கியும், சலிப்போ களைப்போ இல்லாமலும், அடக்க முடியாமல் வந்தால் இயல்பு மீறியது என்று பக்கவாத ஆய்வாளர்கள் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். இது ஆய்வுக்கான அளவுகோல்தான். பட்ஜெட் உரையைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

நோயாளிகளில் கொட்டாவியோடு அதிகம் பழகியவர்கள் ஒற்றைத் தலைவலிக்காரர்கள். தலைவலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே சிலருக்குத் தொடர்ந்து கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு தேடல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வந்துவிடும். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக் காபி குடித்துவிட்டு அலுவலகம் போவார்கள். பதினோரு மணிக்குத் தலை பிளக்கும். தன் உடம்பின் இந்த முன்னறிவிப்பைக் கவனித்து வைத்திருப்பவர், இருட்டறையையும் மாத்திரையையும் நேரத்தோடு தயார் செய்துகொள்ள முடியும்.

பக்கவாதத்தில் மூளைத்தண்டுக்கு ரத்தம் குறைந்தபோதும், பெருமூளையின் நடுத்தமனி அடைத்தபோதும் அடக்க முடியாத கொட்டாவி பதிவாகியிருக்கிறது. அபூர்வமாகச் சிலருக்கு அதுவே முதல் அறிகுறி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும் வருகிறது. அதன் நெருங்கிய உறவான நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகாவில் நிற்காத விக்கலும் வாந்தியும் போலவே கொட்டாவியும், மூளைத்தண்டு பாதிக்கப்பட்டதைக் காட்டிக்கொடுக்கலாம். ஏ.எல்.எஸ். எனப்படும் தசைநரம்புச் சிதைவு நோய், பேச்சிலும் விழுங்குவதிலும் முதலில் கைவைக்கும் வகையாக இருந்தால் கொட்டாவித் தொல்லை சகஜம். சில வலிப்புகளின் முன்னும் பின்னும் அது வரும். தலைக்குள் அழுத்தம் ஏறும்போதும் வரும். தலையில் அடிபட்டவர் ஓயாமல் கொட்டாவி விட்டு, கூப்பிட்டால் மந்தமாகப் பதில் சொன்னால், ‘அசதி, தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பட்டியலிலேயே மிக ஆபத்தான தவறு அதுதான்.

பாரிஸ் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் 1888-இல் சார்கோ, தன் செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஓர் இளம்பெண்ணை மாணவர்கள் முன் உட்காரவைத்தார். நிமிடத்துக்கு எட்டு கொட்டாவி, மணிக்கு 480. அன்றைய பெரிய நரம்பியல் மேதை அதை ‘ஹிஸ்டீரியா’ என்றார். அந்தக் குறிப்புகளைப் பின்னாளில் படித்த நரம்பியலாளர்கள் சிலர், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறார்கள். ஸ்கேன் இல்லாத காலம். சார்கோவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இளம்பெண்ணின் விசித்திரமான அறிகுறியை ‘மனசுதான் காரணம்’ என்று ஒதுக்கும் பழக்கம் அவரோடு முடிந்துபோகவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு யாரும் நேராக எம்.ஆர்.ஐ. எடுக்கக் கிளம்ப வேண்டாம். ‘அடிக்கடி கொட்டாவியா? உங்களுக்கு இந்த நோய்!’ என்று வாட்ஸ்அப்பில் வரும் மிரட்டல்கள் வரிசையைத் தலைகீழாக்குகின்றன. ஓயாத கொட்டாவிக்கு முதல் காரணம் தூக்கக் குறைவு. அடுத்தது, எட்டு மணி நேரம் படுத்தும் தூங்காத தூக்கம்: குறட்டையோடு இரவெல்லாம் மூச்சு தடைபட்டுத் தடைபட்டு விழிக்கிறவர்களுக்குப் பகல் முழுக்கக் கொட்டாவிதான். மூன்றாவது, மாத்திரை. மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் ஃபுளூஆக்ஸெட்டின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை, தூக்கமே இல்லாமல் கொட்டாவியைக் கிளப்பும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். தானாக நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும். சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரை இறங்கும்போதும், மயங்கி விழப் போகிறவருக்கு அதற்குச் சற்று முன்பும் கொட்டாவி வரும். போதைப்பொருளை விட்டவர்களிடம் ஓபியாய்டு விலகலின் தீவிரத்தை மதிப்பிடும் படிவத்தில் கொட்டாவிக்குத் தனி மதிப்பெண்ணே உண்டு.

எனவே கொட்டாவியை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது யாரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, திடீர் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று கூட இருந்தாலும் 108-ஐ அழைத்துவிட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. இவை எதுவும் இல்லாமல் நாள்கணக்காகத் தொடர்ந்தால் அவசரமில்லை; சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு, கொட்டாவி வரும்போது செல்போனில் எடுத்த வீடியோவோடு டாக்டரைப் பார்க்கலாம். அவர் முன்னால் உட்காரும்போது ஒன்றுகூட வராது என்பதால்தான் வீடியோ.

இன்னொன்று. ஓயாமல் கொட்டாவி விடுகிறவர்களுக்குத் தாடை மூட்டு நழுவி, திறந்த வாய் மூட முடியாமல் நின்றுவிடுவதுண்டு. பதறிப்போய் வீட்டில் யாரும் பிடித்து அமுக்க வேண்டாம். பல் மருத்துவரோ அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவரோ கையாலேயே இருந்த இடத்தில் உட்காரவைத்துவிடுவார். அதன் பிறகு சில வாரங்களுக்குக் கொட்டாவி வரும்போதெல்லாம் முகவாயின் கீழே கையைக் கொடுத்துக்கொள்ளச் சொல்வார்.