டிசி வாங்காத பல்புகள்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ஐந்தாறு வருடமாக ஓடிய ஸ்மார்ட் ஹப் மக்கர் செய்கிறது. வேறு கம்பெனி ஹப் வாங்கலாமென்று இருக்கிறேன். இருக்கிற பல்பு, பிளக், கதவு சென்சார் எல்லாம் அதோடு சேருமா, அல்லது மொத்தத்தையும் மாற்ற வேண்டுமா?” கடைக்காரர் மொத்தத்தையும் மாற்றத்தான் சொன்னாராம். அவர் கடைக்காரர், வேறென்ன சொல்வார்.

இவ்வளவு வருடம் வைத்துப் புழங்கியவருக்கு ஹப் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டாம். நேரே ரேடியோவுக்குப் போய்விடலாம். பெட்டியில் ஜிக்பீ என்று போட்டிருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும். உலகம் முழுக்க அதே அலைவரிசைதான். இசட்-வேவ் அப்படியல்ல, நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.42, இந்தியாவில் 865.2. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா ஆசையாக வாங்கி வந்த இசட்-வேவ் பூட்டு இங்கே விற்கும் ஹப்போடு ஒருநாளும் பேசாது. போதாததற்கு, அந்த 908 நம் ஊரில் செல்போன்களுக்கு ஒதுக்கிய பட்டைக்குள் விழுகிறது. ஆகவே அந்தப் பூட்டுக்குத் தோதாக அமெரிக்க ஹப்பையும் வரவழைக்கலாம் என்ற யோசனை வேண்டாம்.

அலைவரிசை ஒத்துப்போனாலும் பாதிப் பேருக்குப் புது ஹப்பில் எதுவும் சேராது. “கம்பேட்டிபிள் இல்லை” என்று சலித்துக்கொண்டு பல்பைக் கழற்றி அலமாரியில் போடுவார்கள். பெரும்பாலும் பல்பின் மேல் பழி இல்லை. என் அப்பா ஊர் ஊராக மாற்றலான வங்கி ஊழியர். ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பள்ளியின் தலைமையாசிரியர் என் மார்க்கைக் கேட்டதேயில்லை, டிசி எங்கே என்றுதான் கேட்பார். பழைய பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறவரை புதிய பள்ளியில் இடமில்லை. உங்கள் சாதனங்களின் நிலையும் அதுவே.

இதில் எனக்கு மிகப் பிடித்த விநோதம் இசட்-வேவில் இருக்கிறது. ஒவ்வொரு ஹப்புக்கும் 32 பிட் நீளத்தில் ஒரு வீட்டு எண் உண்டு. ஒரு சென்சார் சேர்ந்ததும் அந்த வீட்டு எண்ணையும், அந்த வீட்டுக்குள் தனக்குக் கிடைத்த வரிசை எண்ணையும் நினைவில் எழுதிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. ஹப் எரிந்துபோய்க் குப்பைக்குப் போனாலும் சென்சார் அதற்கே விசுவாசமாக இருக்கும், புது ஹப் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. விடுவிக்க ‘எக்ஸ்க்ளூஷன்’ என்று ஒரு சடங்கு. ஹப்பை அந்த நிலைக்குக் கொண்டுபோய், சாதனத்தின் பொத்தானை அழுத்தினால் இரண்டு எண்களும் அழிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இதைப் பழைய ஹப்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. எந்த இசட்-வேவ் ஹப்பும் செய்யலாம். அந்த சென்சாரை இதற்குமுன் பார்த்தேயிராத புது ஹப், பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய ஹப், எதுவானாலும் சரி. அப்படியானால் அண்டைவீட்டார் நம் பூட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட மாட்டார்களா? முடியாது. யாராவது சாதனத்தின் அருகே நின்று பொத்தானை அழுத்தியாக வேண்டும். அந்த ஒரு விரலில்தான் மொத்தப் பாதுகாப்பும் இருக்கிறது. பெட்டி பிரிக்காத புதுச் சாதனம் சேர மறுத்தால்கூட அனுபவஸ்தர்கள் முதலில் ஒரு எக்ஸ்க்ளூஷன் போட்டுப் பார்ப்பார்கள். தொழிற்சாலைச் சோதனையில் யாரோ சேர்த்துப் பார்த்து, விடுவிக்க மறந்திருக்கலாம்.

ஜிக்பீக்கு இந்தத் தாராளம் கிடையாது. பழைய ஹப்பிலிருந்து நீக்க வேண்டும், அது செத்துவிட்டால் சாதனத்தின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பல்பில் பொத்தான் ஏது? அதற்குத் தெரிந்ததெல்லாம் கரண்ட் வருவதும் போவதும்தான், ஆகவே அதிலேயே சொல்லிப் புரியவைக்கிறார்கள். ஐக்கியாவின் டிராட்ஃப்ரி பல்பை ஆறு முறை போட்டு அணைத்தால் பழைய வீட்டை மறக்கும். ஜி.இ.யின் ‘சி’ பல்பு ஜிக்பீ அல்ல, புளூடூத்; ஆனால் இதைவிடக் கறார்ப்பேர்வழி: எட்டு விநாடி எரிய வேண்டும், இரண்டு விநாடி அணைய வேண்டும், இப்படி ஐந்து முறை. இதை விளக்கிக் கம்பெனி வெளியிட்ட வீடியோ 2019-இல் இணையத்தில் பெரிய சிரிப்பாகிவிட்டது. எனக்கு அதில் சிரிப்பைவிட மரியாதைதான் அதிகம். ஆனால் ஆடி மாதக் காற்றில் கரண்ட் ஐந்தாறு முறை வந்து வந்து போகும் நம் தெருக்களில், சில பல்புகள் தாமாகவே வீட்டை மறந்துவிட்டு நிற்பதும் உண்டு.

விடுவித்தாகிவிட்டது, சேர்ந்தும்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆப்பில் “தெரியாத சாதனம்” என்று ஒரு பெயர் மட்டும் வந்து நிற்கும். விளக்கைப் போடு, அணை என்பதற்கெல்லாம் ஜிக்பீயில் பொதுவான கட்டளைகள் இருக்கின்றன. சில தயாரிப்பாளர்கள், குறிப்பாக டூயா என்ற கம்பெனியின் வழிவந்த மலிவுச் சாதனங்களைச் செய்பவர்கள், தங்களுக்கென்று தனிப் பேச்சு வைத்திருக்கிறார்கள். புது ஹப்புக்கு அது புரியாது. ஆகவே வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது பெட்டியின் முகப்பு முத்திரையை அல்ல, சாதனத்தின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணை. ஒரே பெயர், ஒரே தோற்றம், உள்ளே வேறு சில்லு என்பது இந்தச் சந்தையில் சகஜம். நெதர்லாந்தின் கூன் கான்டர்ஸ் தொடங்கிய ‘ஜிக்பீ2எம்க்யூடிடி’ என்ற இலவச மென்பொருளின் பட்டியலில் ஆயிரக்கணக்கான மாடல்கள் உள்ளன. எது முழுதாக வேலை செய்யும், எதில் என்ன குறை என்று தன்னார்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மென்பொருளை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் பட்டியலைப் பாருங்கள்.

2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரநிலை இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கிறது. ஒரு மேட்டர் பிளக் குறைந்தது ஐந்து ஹப்புகளின் பதிவேட்டில் ஒரே நேரத்தில் இருக்கலாம், பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அதிலும் ஒரு கண்ணி: ஹப் செத்துவிட்டால், புதிதாகச் சேர்க்கச் சாதனத்தின் மேலோ பெட்டியிலோ அச்சிட்ட 11 இலக்க எண் அல்லது கியூஆர் கோடு வேண்டும். பல்பைப் பத்தடி உயரத்தில் மாட்டிவிட்டுப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறோம். மாட்டுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனை ஒரு போட்டோ எடுக்கச் சொல்வதில் என்ன கஷ்டம்?

வைஃபை சாதனங்களைக் கடைசிக்கு வைத்தேன், காரணம் எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை குறைவு. பெரும்பாலானவை கம்பெனியின் சர்வரைக் கேட்டுத்தான் மூச்சு விடுகின்றன. அமெரிக்காவில் இப்படிச் சர்வரை நம்பிய ரிவால்வ் என்ற ஹப் சுமார் 300 டாலருக்கு விற்றது. அந்தக் கம்பெனியை 2014-இல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள், நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் அன்றோடு வெறும் பிளாஸ்டிக். லோவ்ஸ் கடைகளின் ஐரிஸ் ஹப் சேவை 2019 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அங்கே முன்கூட்டியே அறிவித்து, பலருக்குப் பணமும் திருப்பிக் கொடுத்தார்கள். ஜிக்பீ, இசட்-வேவ் சென்சார்கள் வைத்திருந்த ஐரிஸ் வாடிக்கையாளர்கள் பலரால் அவற்றை வேறு ஹப்புக்குக் கொண்டுபோக முடிந்தது. ரிவால்வ்காரர்களுக்குச் சர்வரோடு ஹப்பும் போயிற்று. 300 டாலர் கொடுத்து வாங்கியது யாருடைய பொருள் என்று கேட்கத் தோன்றுகிறது. இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு உங்கள் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒருநாள் பாருங்கள். கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்பதை அது ஓரளவு சொல்லிவிடும்.

ஈரோட்டுக்காரருக்கு இனி வேலை வரிசைதான் மிச்சம். பழைய ஹப் தட்டுத்தடுமாறியாவது ஓடும்போதே தொடங்கிவிட வேண்டும். முதலில் கரண்டில் ஓடும் பிளக், பல்புகளை, ஹப்புக்கு அருகிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக. ஜிக்பீயில் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்துபவை அவைதாம், பேட்டரி சென்சார்கள் கடத்தாது. சென்சார்களைக் கடைசியில், அவை இருக்கப்போகும் கதவருகிலேயே வைத்துச் சேர்க்கலாம். அதன்பின் ஸ்மார்ட் பல்புகளின் சுவர் சுவிட்சை யாரும் அணைக்கக் கூடாது. அணைத்தால் அதன் வழியாகப் பேசும் சென்சார்களும் ஊமையாகிவிடும். “ஆள் இல்லாத ரூமில் எதுக்கு சுவிட்ச்” என்று வளர்ந்த பெரியவர்கள் உள்ள வீடானால் அந்தச் சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது நல்லது.

எல்லாம் மாறிய பிறகே பழைய ஹப்பை ரீசெட் செய்யுங்கள். முதலிலேயே செய்தால் ஒவ்வொரு பல்பையும் போட்டுப் போட்டு அணைக்க நேரும். செய்யாமலே விட்டால் உங்கள் வைஃபை கடவுச்சொல்லோடு அது காயலான் கடைக்குப் போகும்.