கணினியின் முதற்குரல்



கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். உள்ளே காற்றாடி சுழல்கிறது, விளக்கும் எரிகிறது. ஆயினும் திரை இருண்டே கிடக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து 'பீப், பீப், பீப்' என்று ஓர் ஒலி மட்டும் எழுகிறது. இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது யாது? பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகின்றனர். பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகின்றனர். பிறகு பழுது பார்ப்பவருக்கு ஆள் அனுப்புகின்றனர். ஒலி எத்தனை முறை எழுந்தது என்று கேட்டால், "அதை யார் எண்ணினார்கள்?" என்கின்றனர். இயந்திரம் தன் நோய் இன்னது என்று தானே கூறிக்கொண்டிருக்க, அதனைக் கேளாமல் விடுவது முறையாகுமா? அவ்வொலி எவ்வாறு பிறக்கிறது, அதன் பொருள் என்ன, அதனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இதற்கு ஏற்ற சான்றாக 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தில், போக்கா ரட்டோன் என்னும் ஊரில், ஒரு சிறு குழுவினர் ஏறத்தாழ ஓராண்டுக்குள் உருவாக்கிய கருவி அது. இன்று நம் மேசைகளில் இருக்கும் கணினிகளுள் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே. அதனுள் எழுதி வைக்கப்பட்டிருந்த தொடக்க நிரல் முழுவதையும் அந்நிறுவனம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் வரிக்கு வரி அச்சிட்டு வெளியிட்டது. ஆகவே பொத்தானை அழுத்திய கணம் முதல் அக்கணினி என்ன செய்தது என்பதை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை; படித்தே அறியலாம்.

மின்சாரம் பாய்ந்தவுடன் கணினியின் மூளையாகிய செயலிக்கு ஒன்றும் தெரியாது. தான் எங்கே இருக்கிறது, தன்னோடு யார் யார் இருக்கின்றனர் என்னும் அறிவு அதற்கு இல்லை. ஒரே ஒரு பழக்கம் மட்டும் அதன் பிறவிக்குணமாக அமைந்துள்ளது: குறிப்பிட்ட ஒரு முகவரிக்குச் சென்று, அங்கே எழுதியிருப்பதைப் படித்து, அதன்படி நடப்பது. அந்த முகவரியில் இருப்பது அழியா நினைவகம். அதில் பொறிக்கப்பட்ட நிரலையே 'பயாஸ்' என்கிறோம். அந்த நிரல் தொடக்கத்திலேயே செய்யும் வேலை தற்சோதனை. காலையில் பள்ளி தொடங்கியதும் ஆசிரியர் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராக அழைப்பது போல், பயாஸ் ஒவ்வோர் உறுப்பையும் அழைத்துப் பார்க்கிறது.

முதலில் செயலி தன்னையே சோதித்துக்கொள்கிறது. அடுத்து, அழியா நினைவகத்தில் உள்ள எழுத்துகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. இதற்குக் கையாளும் முறை மிக எளியது. அங்கே 8,192 எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை உள்ள ஏதேனும் ஓர் எண். அவை எல்லாவற்றையும் கூட்டினால், வரும் தொகை 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். அவ்வாறு வகுபடும்படி ஓர் எண்ணை நிரல் எழுதியவர்களே முன்கூட்டிச் சேர்த்து வைத்துவிட்டார்கள். ஓர் எண் மாறினாலும் மீதி வந்துவிடும். பெருக்கல் கணக்கின் விடையைப் பழைய வாத்தியார்கள் ஒன்பதால் தள்ளிச் சரிபார்த்தார்களே, அதன் உடன்பிறப்பு இது.

பிறகு கடிகாரச் சில்லு. அதன்பின் நினைவகத்தின் முதல் 16 கிலோபைட்டுப் பகுதி. ஒவ்வோர் அறையிலும் ஒன்றும் சுழியும் மாறி மாறி வரும் கோலத்தை எழுதி, மீண்டும் படித்துப் பார்க்கிறது. அடுத்து அக்கோலத்தையே தலைகீழாக்கி எழுதிப் படிக்கிறது. அடுத்தடுத்த இரு கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் இவ்வகைக் கோலத்தில் உடனே வெளிப்பட்டுவிடும்.

இங்கே ஒரு நுட்பமான இடர்ப்பாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும். நிரல் ஒன்று துணை நிரலை அழைக்கும்போது, திரும்பி வரவேண்டிய இடத்தை நினைவகத்தில் குறித்து வைப்பது வழக்கம். ஆனால் நினைவகம் நன்றாக இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாதே! தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துச் செல்வது எங்ஙனம்? ஐ.பி.எம். பொறியாளர்கள் திரும்பும் முகவரிகளை அழியா நினைவகத்திலேயே முன்கூட்டிப் பொறித்து வைத்து, செயலி அங்கிருந்தே அவற்றைப் படித்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். நினைவகத்தின் துணையின்றியே நினைவகத்தைச் சோதிக்கும் இந்த ஏற்பாட்டை நான் கையேட்டில் படித்தபோது பெரிதும் வியந்தேன்.

இனி, குறையைத் திரையில் எழுதிக் காட்டாமல் ஒலியால் உணர்த்துவது ஏன் என்பது உங்களுக்கே விளங்கியிருக்கும். திரையில் ஓர் எழுத்துத் தோன்ற வேண்டுமானால், திரை அட்டை வேலை செய்ய வேண்டும். அதற்குரிய நினைவகம் செம்மையாக இருக்க வேண்டும். அவை இன்னும் சோதிக்கப்படவில்லை. ஒலிக்கோ இவை ஒன்றும் வேண்டா. கடிகாரச் சில்லுக்கு விநாடிக்கு 11,93,182 துடிப்புகள் வருகின்றன. 1,331 துடிப்புக்கு ஒருமுறை அதிர்வு எழுப்பு என்று அதற்குக் கட்டளையிட்டால், விநாடிக்கு ஏறத்தாழ 896 அதிர்வுகள் உண்டாகின்றன. அதனைச் சிறிய ஒலிபெருக்கிக்குத் திறந்துவிட்டால் பீப் என்னும் குரல் பிறக்கிறது. செயலியும் சில்லும் ஒலிபெருக்கியும் இருந்தால் போதும்.

அந்த முதற்கணினியின் ஒலிமொழி மிகச் சிறியது. ஒரே ஒரு குறுகிய ஒலி எழுந்தால் எல்லாம் நலம். ஒரு நெடிலும் ஒரு குறிலும் ஒலித்தால், மதர்போர்டு என்று கடைத்தெருவில் வழங்கும் தாய்ப்பலகையில் பழுது. ஒரு நெடிலும் இரு குறிலும் ஒலித்தால் திரை அட்டையில் பழுது. விடாமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் மின்வழங்கியை நோக்க வேண்டும். தந்தி அலுவலகத்தில் 'கட்டு, கடா' என்று செய்தி அனுப்பியது போன்றதே இது. நம் நாட்டில் தந்தி 2013ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டபடியால், உங்களுள் பலர் அவ்வொலியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். திரை உயிர்பெற்ற பின் தெரியவரும் குறைகளுக்கு அக்கணினி எண்களைப் பயன்படுத்தியது: 201 என்றால் நினைவகம், 301 என்றால் விசைப்பலகை, 601 என்றால் நெகிழ்வட்டு.

ஐ.பி.எம். கணினியைப் போலவே இயங்கும் கணினிகளைச் செய்ய வேறு நிறுவனங்கள் முன்வந்தன. ஆனால் அதன் பயாஸ் பதிப்புரிமை பெற்றது, படியெடுத்தல் குற்றம். ஆகவே ஃபீனிக்ஸ் என்னும் நிறுவனம் வேறொரு வழியைக் கையாண்டது. ஒரு குழுவினர் ஐ.பி.எம். நிரலை ஆராய்ந்து, அது என்னென்ன பணி செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தனர். அந்நிரலைக் கண்ணாலும் காணாத மற்றொருவர் அக்குறிப்பை வைத்துப் புதிதாக எழுதினார். 1984இல் அந்த பயாஸ் விற்பனைக்கு வந்தது. 1985இல் சுப்பிரமோனியன் சங்கரும் பாட் சர்மாவும் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், அதாவது ஏ.எம்.ஐ., நிறுவனமும், அவார்டு என்னும் நிறுவனமும் தத்தம் பயாஸை ஆக்கின. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதியபடியால் ஒலிமொழியும் தனித்தனியே அமைந்துவிட்டது. நோய் ஒன்றே; அதைச் சொல்லும் மொழிதான் வேறு.

ஏ.எம்.ஐ. பயாஸ் எண்ணிக்கையை நம்பியது. அதன் பழைய அட்டவணைப்படி, ஒன்று என்றால் நினைவகத்தைப் புதுப்பிக்கும் சுற்றில் பிழை. இரண்டு என்றால் இரட்டை ஒற்றைச் சரிபார்ப்பில் பிழை. மூன்று என்றால் முதல் 64 கிலோபைட்டு நினைவகத்தில் பிழை. ஐந்து என்றால் செயலி. எட்டு என்றால் திரையின் நினைவகம். ஒன்பது என்றால் நான் முன்னர்க் கூறிய கூட்டல் சோதனை தவறியது. அவார்டு பயாஸில் ஒரு நெடிலும் இரு குறிலும் திரை அட்டையைக் குறிக்கும். இதில் அது ஐ.பி.எம். வழியையே பின்பற்றியது எனலாம்.

ஃபீனிக்ஸ் முறையே எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒவ்வொரு சோதனைக்கும் எட்டு இருமக் குறிகளால் ஆன ஓர் எண் உண்டு. அவ்வெட்டையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் நான்கு சிறிய எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 3 வரை இருக்கும். சுழியை ஒலித்துக் காட்ட முடியாது அன்றோ? ஆகவே ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிக்கொண்டு ஒலிக்கிறது. கூட்டல் சோதனையின் எண் 00010110. பிரித்தால் 0, 1, 1, 2. ஒன்று கூட்டினால் 1, 2, 2, 3. எனவே ஒரு பீப், சிறு இடைவெளி, இரண்டு, இடைவெளி, இரண்டு, இடைவெளி, மூன்று என்று ஒலிக்கும். நினைவகப் புதுப்பித்தல் சோதனையின் எண் 00100000. அதன் ஒலியை நீங்களே தாளில் எழுதிப் பாருங்கள். 1, 3, 1, 1 என்று வரும்.

அட்டவணை கையில் கிடைத்ததும் நோய் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. ஒலி கூறுவது எந்தச் சோதனை தவறியது என்பதை மட்டுமே. எந்த உறுப்பு கெட்டது என்பதை அன்று. வெப்பமானி காய்ச்சல் என்று காட்டும். அது மலேரியாவா, வெறும் சளியா என்று காட்டாது. நினைவகச் சோதனை தவறியது என்றால், 'ராம்' அட்டை கெட்டிருக்கலாம். அது செருகப்பட்ட பள்ளத்தில் தூசு படிந்திருக்கலாம். தாய்ப்பலகையில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். இன்னும் ஒன்று: பழைய கணினிகளில் நினைவகத்தை ஆளும் சுற்று தனிச் சில்லாக இருந்தது. ஏ.எம்.டி. நிறுவனம் 2003இலும், இன்டெல் நிறுவனம் தன் மேசைக் கணினிச் செயலிகளில் 2008இலும் அதனைச் செயலிக்குள்ளேயே அமைத்துவிட்டன. ஆகவே இன்று நினைவகக் குறையொலி எழுந்தால், செயலியே காரணமாக இருத்தலும் கூடும்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் கணினி அறையில், மழைக்கால விடுமுறைக்குப் பின் நான்கு கணினிகள் ஒரே நாளில் ஓயாமல் ஒலியெழுப்பின. பார்க்க வந்தவர் நான்குக்கும் தாய்ப்பலகையை மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையைக் குறித்துக் கொடுத்தார். பெற்றோர் சங்கம் ஆண்டு முழுவதும் திரட்டும் பணம் அதற்குள் அடங்கிவிடும். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒலியை எண்ணிப் பார்த்து, நினைவக அட்டைகளைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் செருகினாள். மூன்று கணினிகள் எழுந்துவிட்டன. நான்காவதற்கு ஓர் அட்டை மட்டும் வாங்க நேர்ந்தது.

அம்மாணவி செய்ததை நீங்களும் செய்யலாம். முறையறிந்து செய்ய வேண்டும். முதலில் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒலிகளை நெடில், குறில், இடைவெளி என்று எழுதுங்கள். ஒருமுறை கேட்டது போதாது. மூன்று முறை கேட்டு, மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு தாய்ப்பலகைக்குரிய கையேட்டில் பொருளைத் தேடுங்கள். வேறொரு நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து முடிவு கட்டுவது, தெலுங்குச் சொல்லுக்குத் தமிழ் அகராதியில் பொருள் தேடுவது போலாகும்.

பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறவாதீர்கள். கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் உயிருக்கே ஊறு செய்யவல்ல மின்னைத் தேக்கி வைத்திருத்தல் கூடும்.

ஒலியே எழாவிட்டால் என்ன செய்வது? மௌனத்துக்கும் பொருள் உண்டு. முதல் ஐ.பி.எம். கணினியில் செயலியின் சோதனையே தவறினால், அது சிறு முனகலும் இன்றி நின்றுவிடும். வாயைத் திறப்பதற்கும் செயலிதானே வேண்டும்! இத்தகைய மௌனத்தை ஆராய ஓர் அழகிய உத்தி உண்டு. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, நினைவக அட்டைகள் அனைத்தையும் வெளியே எடுத்துவிட்டு, மீண்டும் இயக்கிப் பாருங்கள். இப்போது நினைவகம் இல்லை என்று கணினி ஒலித்தால் மகிழுங்கள். செயலியும் தாய்ப்பலகையும் பயாஸும் அந்த அளவுக்கேனும் உயிரோடு இருக்கின்றன. பிறகு அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகி இயக்கினால், எந்த அட்டையைச் செருகும்போது கணினி மீண்டும் ஊமையாகிறதோ அதனையே ஐயுற வேண்டும். அதே அட்டையை வேறு பள்ளத்திலும் வைத்துப் பார்த்துவிட்டால், குறை அட்டையிலா பள்ளத்திலா என்பதும் தெளிவாகும். அட்டைகள் இல்லாதபோதும் மௌனமே நீடித்தால் மின்வழங்கி, தாய்ப்பலகை, செயலி ஆகியவற்றின் பக்கம் செல்ல வேண்டும்.

ஆனால் அதற்குமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் கணினிக்கு வாய் இருக்கிறதா? இக்காலத்துத் தாய்ப்பலகைகள் பலவற்றில் ஒலிபெருக்கி பொருத்தப்படுவதில்லை. பயாஸின் இடத்தை யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை பிடித்துக்கொண்டது. ஒலிக்குப் பதிலாகச் செயலி, நினைவகம், திரை, தொடக்கவட்டு என்னும் நான்குக்கும் நான்கு சிறு விளக்குகளைப் பலகையின் ஓரத்தில் வைக்கிறார்கள். எது அணையாமல் எரிகிறதோ அங்கே குறை. சிலவற்றில் சோதனையின் எண்ணையே இரண்டு இலக்கங்களில் காட்டும் சிறு பலகம் உண்டு. மடிக்கணினிகளிலோ மின்விளக்கு இத்தனை முறை வெண்மையாகவும் இத்தனை முறை மஞ்சளாகவும் சிமிட்டிக் காட்டுவதைக் காணலாம். எண்ணும் வேலை செவியிலிருந்து கண்ணுக்கு மாறியது, அவ்வளவே. விளக்கும் பலகமும் இல்லாத பலகையாயின், ஒலிபெருக்கியைச் செருகுவதற்கென்று நான்கு ஊசிகள் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் இருக்கும். அவற்றில் பொருந்தும் விரல்நுனியளவு ஒலிபெருக்கி கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நேர்முனை எது என்று கையேட்டில் பார்த்து அதனைச் செருகி, பெட்டியை மூடாமல் ஒருமுறை இயக்கிக் கேளுங்கள்.