பட்டுப் புடவைக்கு வீட்டு இன்சூரன்ஸ்: விலையை முடிவு செய்வது சதுர அடியா?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும். அதற்குள் வீட்டு இன்சூரன்ஸைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று நினைக்கும் வாசகர்களின் கடிதங்களில் இம்முறை ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பீரோவில் இருக்கும் பட்டுப் புடவைகளை என்ன விலைக்குக் காட்டுவது? வாங்கிய விலைக்கா, இன்று கடையில் சொல்லும் விலைக்கா, பழைய பட்டு வாங்குகிறவர் ஜரிகையைப் பார்த்துத் தரும் விலைக்கா? மாமியார் காலத்துப் புடவைகளுக்கு பில்லே இல்லையே என்கிறார் ஒருவர். "அதெல்லாம் தானாகவே கவர் ஆகிடும்மா" என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறார் இன்னொருவர்.

அந்தத் 'தானாகவே'யில்தான் சிக்கல் இருக்கிறது.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பொதுவான வீட்டு பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்தது. கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் சேர்த்து பாலிசி எடுத்தால், வீட்டுப் பொருட்கள் எதையும் பட்டியல் போடாமலேயே அவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை ஆணையம் ஒரு பெரிய வசதியாகச் சொல்கிறது. வசதிதான். ஆனால் எவ்வளவுக்கு? கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம். அதற்கும் உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய்.

கட்டடத்தின் தொகை எப்படி வருகிறது என்று பார்த்தால்தான் இதன் விளைவு புரியும். வீட்டை விற்றால் கிடைக்கும் விலைக்கு இங்கே வேலையில்லை. நிலத்தின் மதிப்பு கணக்கிலேயே வராது. கார்ப்பெட் பரப்பளவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் 600 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்கு 12 லட்சம். அதில் 20 சதவீதம் 2 லட்சத்து 40 ஆயிரம். ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை, கிரைண்டர், பீரோ, பீரோவுக்குள் இருக்கும் அத்தனை புடவைகள் எல்லாம் சேர்ந்து அந்த 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குள் அடங்க வேண்டும். சராசரியாக 15,000 ரூபாய் மதிப்புள்ள 30 புடவைகள் இருந்தால் அவை மட்டுமே நாலரை லட்சம். சென்னையில் 90 லட்சத்துக்கு வாங்கிய 900 சதுர அடி ஃபிளாட்டுக்கும் இதே கணக்குதான். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் கட்டடம் 22 லட்சத்து 50 ஆயிரம், பொருட்கள் 4 லட்சத்து 50 ஆயிரம். விளம்பரத்தில் கண்ணில் படும் அந்த 10 லட்சத்தைத் தொட, கட்டுமானச் செலவு மட்டுமே 50 லட்சமாக இருக்க வேண்டும்.

ஆக, பட்டின் மதிப்பைத் தீர்மானிப்பது தறியும் அல்ல, ஜரிகையும் அல்ல. வீட்டின் பரப்பளவு. சின்ன வீட்டில் மூன்று தலைமுறைப் பட்டைச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பத்தைத்தான் இந்த விதி அதிகம் பாதிக்கிறது.

இந்த பாலிசியில் குறைக்காப்பீட்டு விதி கிடையாது என்பது ஆணையம் பெருமையோடு சொல்லும் இன்னொரு அம்சம். பழைய பாலிசிகளில் 10 லட்சம் மதிப்புள்ள பொருளை 5 லட்சத்துக்குக் காட்டியிருந்தால், 2 லட்சம் நஷ்டத்துக்கு 1 லட்சம்தான் கிடைக்கும். அந்த வெட்டு இதில் இல்லை. நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் வெட்டு இல்லை என்பதற்கு வரம்பு இல்லை என்று பொருள் ஆகாது. மேலே சொன்ன காஞ்சிபுரம் வீட்டில் நாலரை லட்சம் பட்டும் நாசமானாலும் கைக்கு வருவது அதிகபட்சம் 2 லட்சத்து 40 ஆயிரம்தான். குறைக்காப்பீடு இல்லை என்ற வாக்கியத்தைப் படித்து நிம்மதியாகிவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

வழி இருக்கிறது. விவரங்களைக் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்டி, பொருட்களுக்கான தொகையை உயர்த்திக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். அப்போதுதான் விலைப் பட்டியல் என்ற கேள்வியே எழுகிறது.

பட்டியலில் எழுத வேண்டியது இன்றைய மாற்று விலை, அதாவது அதே மாதிரிப் புடவையை இன்று வாங்க ஆகும் செலவு. 1998-ல் 6,000 ரூபாய்க்கு எடுத்த முகூர்த்தப் பட்டு, அதே எடையில், அதே ஜரிகையில் இன்று 40,000 ரூபாய் ஆகும் என்றால் 40,000 என்றே எழுத வேண்டும். பழைய பட்டு வாங்குகிறவர் சொல்லும் விலை வேறு ரகம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. தங்கத்தின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. அவர் எடை போடுவது ஜரிகையில் இருக்கும் உலோகத்தை மட்டும்தான். நெசவுக்கு அவர் கணக்கில் மதிப்பே இல்லை. இருந்தாலும் அந்த வெள்ளியை மறந்துவிடக் கூடாது. 2025-ல் மட்டும் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய பட்டியலை அப்படியே புதுப்பித்தால் அது இன்றைய ஜரிகைக்குப் போதாது.

"அதே அல்லது அதைப் போன்ற பொருள்" என்பதுதான் இழப்பீட்டுக்கு அடிப்படை. 'அதைப் போன்ற' எது என்பதைச் சொல்லப்போவது நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர். உடலும் பார்டரும் கோர்த்து நெய்யப்படும் கைத்தறிக் கோர்வைப் புடவைக்கு, விசைத்தறியில் நெய்த, அசல் அல்லாத 'டெஸ்டெட்' ஜரிகை போட்ட புடவையை இணையாகக் காட்டினால் விலை பல மடங்கு இறங்கிவிடும். மழை வருவதற்கு முன்பே ஆதாரம் சேர்த்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட வெள்ளம் வீட்டுக்குள் வந்து நின்றால் பீரோவின் அடித்தட்டுதான் முதலில் முழுகும். சாக்கடை கலந்த நீரில் இரண்டு நாள் ஊறிய கோர்வைப் புடவையை விரித்துப் பார்த்தால், அரக்கு பார்டரின் சாயம் மாம்பழ மஞ்சள் உடலுக்குள் திட்டுத் திட்டாக இறங்கியிருக்கும். ஜரிகையில் வெள்ளி கருத்திருக்கும். முந்தானையில் ஜரிகை கனமாக இருக்கும் இடத்தில், வருடக்கணக்காக மடித்த மடிப்பிலேயே பட்டு விட்டுப்போயிருக்கும். இதை டிரை கிளீனிங்கில் சரி செய்துவிடலாம் என்று சர்வேயர் எழுதினால் சில நூறு ரூபாய். முழு இழப்பு என்று எழுதினால் 40,000. அந்த நேரத்தில் கையில் இருக்கும் புடவை தன் பழைய நிலையை நிரூபிக்காது. படமும் காகிதமும்தான் நிரூபிக்கும்.

எனவே ஒவ்வொரு புடவையையும் விரித்து முந்தானை, பார்டர், உடல் மூன்றும் தெரியப் படம் எடுப்பது நல்லது. பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும்; உடலும் பார்டரும் கோர்க்கப்பட்ட இடம் அங்கேதான் தெளிவாகத் தெரியும். சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவைக்கலாம். சில்க் மார்க் சீட்டு, கோ-ஆப்டெக்ஸ் அல்லது கூட்டுறவுச் சங்க பில் இருந்தால் படத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். பில் இல்லாத பழைய புடவைகளில் விலை அதிகமானவற்றை மட்டும் காஞ்சிபுரத்தில் எக்ஸ்ரே கருவியில் ஜரிகை சோதித்து, முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். இவற்றின் நகல் வீட்டுக்கு வெளியே, மின்னஞ்சலிலாவது உறவினர் வீட்டிலாவது இருக்க வேண்டும்.

நகைபோல 'விலையுயர்ந்த பொருட்கள்' பிரிவில் சேர்க்க முடியாதா என்று சிலர் கேட்கிறார்கள். உடைகள் பொதுப் பொருட்களில் வருகின்றன. நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம், விலையுயர்ந்த கம்பளம், தொல்பொருள் போன்றவைதான் அந்த விருப்பப் பிரிவில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. அங்கே முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு கிடைக்கும். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் ஒரு பொருள் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. கம்பளத்துக்கு இடம் கொடுத்தவர்கள் கைத்தறிப் பட்டை விட்டுவிட்டது நியாயமில்லை. நூறு வயதைத் தொடும் பாட்டியின் புடவை இருந்தால், அதைத் தொல்பொருளாக ஏற்க முடியுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வங்கிக் கடனோடு எடுத்த பாலிசி போதுமா? பல நேரங்களில் அது கட்டடத்துக்கு மட்டும்தான். பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள்.

திருட்டு? தீ, வெள்ளம் போன்ற காப்பீடு செய்த நிகழ்வின் தொடர்ச்சியாக 7 நாளுக்குள் நடந்தால் மட்டும். தனித் திருட்டுக்குத் தனி பாலிசி வேண்டும்.

பூச்சி அரித்தால், மடிப்பில் இற்றுப்போனால்? கிடைக்காது.

கல்யாண மண்டபத்தில், சலவைக் கடையில் இருக்கும் புடவை? வீட்டில் இருக்கும் பொருளுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவரிடம் இருக்கும் வாடிக்கையாளர் துணி? அது தொழில் சரக்கு. சிறு தொழில்களுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'வைப் பற்றி விசாரியுங்கள்.

தனியார் பேக்கேஜ் பாலிசி? மாற்று விலை தருகிறார்களா, தேய்மானம் கழித்துத் தருகிறார்களா என்ற ஒரு வரியை மட்டும் முதலில் தேடுங்கள்.

கிளைமில் குறைத்துக் கொடுத்தால்? முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார்; ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம்.