ஆடி மாசம், பத்து லிட்டர் பெட்டி: போட்டோ எடிட்டிங் பிசியை அப்கிரேட் பண்றது எப்படி?

இந்த எபிசோடுக்கான கேள்வி சங்கரன்கோவிலிலிருந்து வந்தது. கேட்டது என் அத்தை மகன். ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம்னு போட்டோ எடுக்கிறவர். "மாப்ள, 2019-ல அசெம்பிள் பண்ண குட்டி பிசி இப்ப திணறுது. கடையில போய்க் கேட்டா, இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒண்ணேகால் லட்சத்துக்குப் புதுசு எடுங்கங்கான். உங்க அக்கா வளையலை அடகு வைக்கவா வேண்டாமா, நீ சொல்லு"ன்னாரு.

வளையல் விஷயம் வந்துட்டதால, இதை வெறும் ஸ்பெக்ஸ் பேச்சா முடிக்க முடியாது. ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகுது, அதுக்கு என்ன திரும்பக் கிடைக்குதுன்னு பார்ப்போம்.

அவருக்கு இருக்கிற அவகாசம் ஒரு மாசம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆவணி பிறந்தா மூச்சு விட நேரம் இருக்காது. ஆனா அதே ஆடியில்தான் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கிறது சாயங்கால வெளிச்சத்தில். ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏத்தாம அங்கே படம் எடுக்க முடியாது. ஏத்தினா படம் முழுக்க மணல் தூவின மாதிரி நாய்ஸ். இந்த நாய்ஸ்தான் அப்கிரேட் கணக்கையே மாத்தப்போகுது.

பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

மினி ஐடிஎக்ஸ் போர்டு. 2001-ல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு இது: 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர். பெட்டி மொத்தமே சுமார் 10 லிட்டர், ரெண்டு தண்ணிக்குடத்துக்கும் குறைவான கொள்ளளவு. உள்ளே பி450 சிப்செட், நாலு கோர் ரைசன் 5 3400ஜி, 8 ஜிபி ரேம் ரெண்டு, 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை.

சின்ன போர்டில் ரேம் ஸ்லாட் ரெண்டுதான், கார்டு ஸ்லாட் ஒண்ணுதான். "இன்னொண்ணு சேர்த்துக்கலாம்"ங்கிற பேச்சே இங்கே கிடையாது. இருக்கிறதை எடுத்துட்டுத்தான் புதுசு மாட்டணும். அதனால ஒரு தடவை வாங்கினா சரியாக வாங்கணும்.

முதல்ல அளந்து பாருங்க

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சுட்டு, வழக்கமா செய்ற நாலு வேலையைச் செய்யச் சொன்னேன்: படங்களை இம்போர்ட் பண்றது, ஸ்லைடரை நகர்த்தி எடிட் பண்றது, ஏஐ டீநாய்ஸ், கடைசியா ஜேபெக் எக்ஸ்போர்ட். ஒவ்வொண்ணிலும் எது 100 சதவீதத்தில் முட்டி நிக்குதுன்னு மட்டும் எழுதி வைக்கணும்.

இம்போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் முட்டியது. எக்ஸ்போர்ட்டில் சிபியு முட்டியது. ஆல்பம் டிசைன், பனோரமா பண்ணும்போது ரேம் நிரம்பி எல்லாமே நின்னு நின்னு ஓடுச்சு. டீநாய்ஸில் கிராபிக்ஸ் முட்டியது. ஒரே படத்துக்கு டீ குடிச்சுட்டு வரலாம்.

காரணம் புரியணும்னா ஒரு சின்னக் கணக்கு. 24 மெகாபிக்சல் ரா ஃபைல் டிஸ்கில் சுமார் 30 எம்பி. ஆனா மெமரியில் விரிச்சா, 2 கோடியே 40 லட்சம் பிக்சல், ஒவ்வொண்ணுக்கும் மூணு நிறம், ஒரு நிறத்துக்கு ரெண்டு பைட். மொத்தம் 144 எம்பி. ஆல்பம் பக்கத்தில் பத்து லேயர் போட்டா ஒன்றரை ஜிபி போயிடும். அதோட லைட்ரூம், போட்டோஷாப், பின்னாடி பாட்டு ஓடுற பிரவுசர். 16 ஜிபி எங்கே போச்சுன்னு இப்போ தெரியுதா?

அப்கிரேட் வரிசை

ஒண்ணு, ஸ்டோரேஜ். இதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி. ரெண்டு கேமரா வச்சு ஒரு கல்யாணத்துக்கு 4,000 படம் எடுத்தா 120 ஜிபி. வருஷத்துக்கு இருபது கல்யாணம்னா 2.4 டிபி. இதெல்லாம் அத்தானிடம் எத்தனை காப்பி இருக்குன்னு கேட்டேன். "அதே டிஸ்க்லதான் மாப்ள"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டர் மெதுவா ஓடினா ராத்திரி கண் முழிச்சுச் சமாளிக்கலாம். தாலி கட்டின படம் போச்சுன்னா மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராபர் பரவலாக்கின 3-2-1 விதி இதுக்குத்தான்: மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வேற இடத்தில். இவர் கணக்கில், எடிட் பண்ண 1 டிபி என்விஎம்இ ஒண்ணு, காப்பிக்கு 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ரெண்டு. ஒண்ணு ஸ்டுடியோவில், இன்னொண்ணு அத்தை வீட்டு பீரோவில். வாரம் ஒரு தடவை சின்க். ஆல்பம் டெலிவரி ஆகுற வரைக்கும் மெமரி கார்டை ஃபார்மட் பண்ணக் கூடாது. பல ஐடிஎக்ஸ் போர்டுகளில் என்விஎம்இ ஸ்லாட் போர்டோட பின்பக்கம் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி மேனுவலைப் பாருங்க.

ரெண்டு, ரேம். 16 ஜிபி ரெண்டு, மொத்தம் 32. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கிட்டதால 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிடுச்சு. யூஸ்டு டிடிஆர்4 வாங்கலாம், தப்பில்லை. ஆனா மாட்டின ராத்திரியே மெம்டெஸ்ட் ஓட விட்டு, ஒரு எரர்கூட இல்லைன்னா மட்டும் வச்சுக்கணும். கெட்ட ரேம் படத்தைச் சத்தமில்லாமக் கெடுத்துடும்.

மூணு, கிராபிக்ஸ் கார்டு. 2023 ஏப்ரலில் லைட்ரூம் கிளாசிக்கில் ஏஐ டீநாய்ஸ் வந்ததிலிருந்து இது ஆடம்பரம் இல்லை. ஆடித்தபசு படங்களைக் காப்பாத்துறது இதுதான். பணம் கொடுக்காம பயன்படுத்துற டார்க்டேபிள்கூட ஓப்பன்சிஎல் வழியா கார்டை உபயோகிக்கும். நாங்க எடுத்தது ஆர்டிஎக்ஸ் 4060, ரெண்டு ஃபேன் குட்டை மாடல். 8 ஜிபி மெமரி, 115 வாட். டேப் வச்சுப் பெட்டிக்குள்ள இருக்கிற நீளத்தை அளந்துட்டுத்தான் ஆர்டர் போட்டோம். மாட்டினதும் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகணும். போர்டிலேயே விட்டுட்டா கார்டு வேலை பார்க்கலைன்னு புலம்ப வேண்டியதுதான். இப்போ ஒரு படத்துக்குப் பத்துப் பதினைஞ்சு வினாடி.

பவர் போதுமா? கார்டு 115 வாட். புது சிபியு அதிகபட்சம் 76 வாட். மிச்சமெல்லாம் சேர்த்து 50. மொத்தம் 240 வாட் சொச்சம். கார்டு நிறுவனம் 550 வாட் பரிந்துரைக்குது. அது எந்த சிபியு, எந்தத் தரத்து சப்ளைன்னு தெரியாம எல்லாருக்கும் பொதுவாச் சொல்றது. நல்ல பிராண்ட் 450 வாட் சப்ளை இந்தக் கணக்குக்கு இடம் கொடுக்கும். பேர் தெரியாத சப்ளைன்னா அதைத்தான் முதல்ல மாத்தணும்.

நாலு, சிபியு. இங்கேதான் பழைய பெட்டிக்கு அதிர்ஷ்டம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசன் வந்தது 2017-ல். அதே சாக்கெட்டுக்கு 2022 ஏப்ரலில் ரைசன் 7 5700எக்ஸ் வந்தது. எட்டு கோர், 65 வாட். போர்டு மாத்த வேண்டாம், பயாஸ் அப்டேட் போதும். மூணு எச்சரிக்கை. பயாஸை, பழைய சிப் இருக்கும்போதே அப்டேட் பண்ணணும். அப்டேட் நடுவில் கரண்ட் போனா போர்டே செத்துடும், அதனால யுபிஎஸ் இல்லாம அந்தப் பட்டனைத் தொடாதீங்க. அப்புறம், 3400ஜி மாதிரி 5700எக்ஸுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வாங்கின பிறகுதான் இது.

கூலரைக் கழட்டும்போது நேராப் பிடுங்காதீங்க. ஏஎம்4 சிப் பேஸ்டோட ஒட்டிக்கிட்டுச் சாக்கெட்டை விட்டு வந்து பின் வளைஞ்சுடும். கொஞ்ச நேரம் பிசியை ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணி, கூலரை மெதுவாத் திருகி எடுங்க.

வெயிலும் பஞ்சும்

யூடியூப் ரிவ்யூ எல்லாம் பெரும்பாலும் ஏசி ரூமில் எடுக்கிறது. 25 டிகிரி அறையில் சிபியு 75-ல் ஓடினா, அறையை விட 50 டிகிரி அதிகம்னு அர்த்தம். அந்த வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சித்திரை வெயிலில் மாடி ரூம் 38 டிகிரின்னா சிபியு 88. இந்த சிப்புக்கு எல்லை 90. அதுக்கு மேல அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். தீர்வுக்குக் காசு வேண்டாம்: பயாஸில் ஈகோ மோட் போட்டு 45 வாட்டுக்கு இறக்குங்க. எக்ஸ்போர்ட் கொஞ்சம் மெதுவாகும், சூடு நல்லாக் குறையும்.

இன்னொண்ணு சங்கரன்கோவிலுக்கே உரியது. விசைத்தறி ஓடுற தெருவில் காத்திலேயே பஞ்சு மிதக்கும். சின்னப் பெட்டியின் ஓட்டைகளில் அது ஃபெல்ட் துணி மாதிரிப் படியும். அதனால காத்து உள்ளே இழுக்கிற ஃபேன் அதிகமாகவும், வெளியே தள்ளுறது குறைவாகவும் வைங்க. அப்போ காத்து ஃபில்டர் வழியா மட்டும்தான் உள்ளே வரும். ஞாயித்துக்கிழமை தோறும் அந்த ஃபில்டரைத் தட்டினா போதும்.

வளையல் கதை என்னாச்சு?

அடகு வைக்கலை. அவர் கையில் இருந்த பணத்துக்கு ஸ்டோரேஜும் ரேமும் முதல் வாரமே வந்தது. ஆடித்தபசு படங்களுக்கு வந்த பணத்தில் கார்டு. சிபியு இன்னும் வாங்கலை. எக்ஸ்போர்ட்டை ராத்திரி போட்டுட்டுத் தூங்கிடுறார், காலையில் தயாரா இருக்கு. ஐப்பசி முகூர்த்தம் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு சொல்லியிருக்கார். நானும் சரின்னுட்டேன். தூங்குற நேரத்தில் நடக்கிற வேலையை வேகமாக்கக் கடன் எதுக்கு?

எப்போ புதுசு வாங்கலாம்னு கேட்டா, என் பதில் இது: போர்டு செத்துப்போனா, இல்லை தினமும் மணிக்கணக்கா 4கே வீடியோ எடிட் பண்ற அளவுக்கு வேலையே மாறிப்போனா. அதுவரைக்கும் எது முட்டுதோ அதை மட்டும் மாத்துங்க.

இதைக் கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு வேலை செய்ங்க. உங்க முக்கியமான ஃபோல்டருக்கு இன்னைக்கு எத்தனை காப்பி இருக்குன்னு எண்ணிப் பாருங்க. ஒண்ணுன்னா, அப்கிரேட் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.